கூர் வெட்டிய குச்சிகள்

நேற்றிரவு நகவெட்டியால்
நூற்றிருபது சாத்தே குச்சிகளின் முனைகளை
ஒவ்வொன்றாக நறுக்கினேன்.
கூரான பொருள் எதுவும்
பராமரிப்பு நிலையத்துக்குள் ஆகாது
என்கிறது படிவம்.
கூரே இல்லாமல்
மூன்று முனைகளை எப்படிக் காட்டுவது என்று கேட்க
அதில் இடமில்லை.

சுவா சூ காங்,
புளோக்கின் கீழ்த்தளம்,
புதன்கிழமை மூன்றரை மணி, மழை.
பள்ளி விட்டு வந்து
அம்மாவோ அப்பாவோ வரும்வரை
காத்திருக்கும் பதினொரு பேர்.
ஆங்கிலத்தில் முக்கோணம் இவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.
அம்புக்குறி போட்டுத் தந்தால்
பெயரை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.
தமிழுக்கு வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்.

ஆளுக்கு மூன்று குச்சி, ஓர் உருண்டை களிமண்.

"குச்சிதான் பக்கம்."
"புக்ல இருக்கிறதும் பக்கம்தானே?"
மஃப்ரூஹாவின் கேள்வி அது.
"இவன் என் பக்கத்துல உட்கார்ந்திருக்கான்,
அது எந்தப் பக்கம்?"
எல்லாம் பக்கம்தான் என்றேன்,
எங்கே முடிக்கப் போகிறேன் என்று தெரியாமல்.

இரண்டு பக்கம் சந்திக்கிற இடத்தில்
களிமண்ணை அழுத்தச் சொன்னேன்.
உச்சி.
ஷார்வின் தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தான்.
"எனக்கு ஒண்ணுதானே இருக்கு,
இதுக்கு எப்படி மூணு?"
முக்கோணத்தை மேசையில் உருட்டினேன்.
மேலே வருகிறவர் உச்சி,
கீழே கிடப்பவர் அடிப்பக்கம்,
யாருக்கும் நிரந்தரப் பதவி இல்லை.
அவன் முகம் கோணியது.
அதுவும் கோணம்தான்,
அளக்கத்தான் கருவி இல்லை.

"கோணல்னா வளைஞ்சது. கோணம்னா?"
"கோணல்தான், டீச்சர். அளந்த கோணல்,"
யாரோ பின்னாலிருந்து.
யாரென்று கண்டுபிடிப்பதற்குள்
ஒரு களிமண் துண்டு
மின்விசிறியில் பட்டுத் தெறித்தது.

தனுஷ்காவுக்கு மூன்று போதவில்லை.
நான்காவதைத் திருடி ஒரு சதுரம் செய்தாள்.
விரலால் தொட்டதும் அது சாய்ந்து படுத்தது.
ஐந்தாவதைக் குறுக்கே வைத்தாள், நின்றது.
சன்னலுக்கு வெளியே,
புதிய ரயில்பாதைக்கான கிரேனின் கை
அதே குறுக்குக் கம்பிகளோடு
மழையில் நனைந்துகொண்டிருந்தது.
நான் காட்டுவதற்கு முன்
அவள் பார்த்துவிட்டாள்.

கடைசி மேசையில் தியான்,
சத்தமே இல்லை.
நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில்
இரண்டு குச்சிகளை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறேன்.
எட்டு, நான்கு, மூன்று.
நீளமானதன் இரு முனைகளிலும் நட்டுச் சாய்த்திருக்கிறான்,
நடுவில் தொட்டுக்கொள்ள ஆளில்லாமல்
இரண்டும் கை நீட்டிக் கிடக்கின்றன.
"வேற குச்சி தரேன்."
"வேணாம்."
களிமண்ணை நூலாகத் திரித்துப் பாலம் போட்டான்.
தொய்ந்தது.
தடிப்பாக்கினான்.
இன்னும் தொய்ந்தது.
பிறகு மூன்றையும்
ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து,
"ரெண்டையும் சேர்த்தாலும் இதுக்குப் பத்தலை, டீச்சர்.
இதுக்குப் பேர் என்ன?"

பாடத்திட்டம் இன்னும் எட்டாத இடத்தில்
அவன் ஒற்றை ஆளாக நின்றிருந்தான்.
எனக்கு அதன் பெயர்
தமிழிலும் தெரியவில்லை,
ஆங்கிலத்திலும்.
தெரியாது என்றேன்.
அவன் நம்பவில்லை போலிருந்தது,
பிறகு நம்பினான்.

ஆறே முக்காலுக்கு அவன் அம்மா வந்தார்,
கழுத்தில் அலுவலக அட்டையும்
சொட்டும் குடையுமாக.
பென்சில் பெட்டியை அவன் மூடவே முடியவில்லை,
எட்டு சென்டிமீட்டர்
மூலைவிட்டத்தில் மாட்டிக்கொண்டது.
விடு என்று அவர் சொன்னார்.
அவன் விடவில்லை,
திறந்த பெட்டியோடே நடந்தான்.

நாற்காலிகளைக் கவிழ்க்கும்போது
அடியில் ஒட்டியிருந்த ஓர் உச்சியைக் கண்டேன்,
யாருடைய கட்டைவிரல் ரேகையோ அதில்.
சுரண்டாமல் விட்டேன்.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
திரும்பி வராத பொருட்கள்.
குச்சி, மூன்று.
காரணம்:
எட்டுக்கு
நான்கும் மூன்றும் பற்றவில்லை.