சொமையோடயா

ஞாயிறு ஐந்தரை பஸ்ஸில் நாலு பேர்.
வெள்ளிக்கொலுசுக்குப் பற்றவைக்கும் துளசிராம்,
இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பெரியண்ணன்,
புது ஷூ கடிக்கும் என்று தெரிந்தே போட்டுவந்த மெர்லின்,
நான்.
இருபது வளைவும் பஸ்ஸில் ஏறுவது,
இறங்குவது நடந்து என்று பேச்சு.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
ஆரம்பிக்கிறது ஒற்றையடிப் பாதை.
பலகை கிடையாது, அம்புக்குறி கிடையாது.
யாரோ சுள்ளி ஒடித்த இடமும்
ஆட்டுப் புழுக்கையும் அடையாளம்.
சில்வர் ஓக் நிழல் காப்பிச் செடிமேல் விழுந்து
எழுந்திருக்க மனமில்லாமல் ஈரமாகக் கிடக்கிறது.
மிளகுக்கொடி மரத்தைப் பிடித்திருந்த பிடி
பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில்
மெர்லின் பிடித்திருந்த அதே பிடி.

முதல் அரைமணி எல்லோரும் பேசினோம்.
அப்புறம் முழங்கால் பேச ஆரம்பித்தது.

தார்ச்சாலையைப் பாதை குறுக்கே கடக்கிற இடத்தில்
ஒரு கார் நின்று கண்ணாடியை இறக்கியது.
"என்னங்க, வண்டி ரிப்பேரா?"
இல்லை, நடக்கிறோம் என்றார் துளசிராம்.
அவர்கள் எங்களுக்காக
நிஜமாகவே வருத்தப்பட்டார்கள்.

உண்ணிச்செடி இரண்டு பக்கமும் கையைக் கீறுகிறது.
ஒரு திருப்பத்தில்
புதுக் கம்பிவேலி, பச்சைப் பெயின்ட் கேட்,
தனியார் இடம், அத்துமீறினால் நடவடிக்கை.
பாதை மட்டும் எதையும் படிக்காமல்
வேலிக்கடியில் புகுந்து
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
பெரியண்ணன் போனை உயர்த்திப் பார்த்தார்.
நாங்கள் ஒரு கிணற்றுக்குள் நிற்பதாகச் சொன்னது
நீலப் புள்ளி.

பின்னால் சருகுச் சத்தம்.
தலையில் பலாப்பழம், இரண்டு கையும் வீசி
ஒரு பெண் வந்தாள்.
எங்களைப் பார்த்தாள், கேட்டைப் பார்க்கவில்லை.
பழத்தை இறக்கி உருட்டி அனுப்பினாள்,
கால் கட்டைவிரலால் அடிக்கம்பியைத் தூக்கிக் குனிந்தாள்,
அந்தப் பக்கம் நின்று
எங்களுக்காகவும் தூக்கிப் பிடித்தாள்.
நாலு பேரும் மண்ணில் வயிறு உரச ஊர்ந்தோம்.

"அடிவாரம் எவ்ளோ தூரம்க்கா?"
மெர்லின் ஷூவைக் கழற்றியபடி கேட்டாள்.

"சொமையோடயா, சும்மாவா?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினோரு வருஷமாக
செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில்
லாரிக்கு லாரி நான் கேட்கிற கேள்வி அது.
சுமையோடு ஒரு தரம், காலியாக ஒரு தரம்,
கழித்தால் ரசீது.
தூரத்தையும் அப்படி இரண்டு தரம் போடவேண்டும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

"சும்மான்னா பேசிக்கிட்டே போயிரலாம்.
பழத்தோடன்னா மூணு எடத்துல குந்தணும்.
ரெண்டாவது புள்ளைக்கு வலி எடுத்தப்ப
விடிஞ்சிருச்சு."
சொல்லிக்கொண்டே பழத்தைத் தூக்கி வைத்தாள்.
பெயர் வெள்ளச்சி என்று மெர்லின் கேட்டு வாங்குவதற்குள்
அடுத்த திருப்பம் அவளை எடுத்துக்கொண்டது.
வாசனை மட்டும் கொஞ்சதூரம் எங்களோடு நடந்தது.

பிறகு மரம் விலகி, சேலம் தெரிந்தது.
வெள்ளைக்கல் குவியல்கள், ஒரு கூட்ஸ் வண்டி,
மேற்கே கஞ்சமலை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.
எங்கள் வீடு எது என்று ஆளுக்கொரு திசை காட்டினோம்.
எல்லாமே தப்பு.

அடிவாரத்தில் டீ குடிக்கும்போது
ஆறு கிலோமீட்டர் சொச்சம் என்றார் பெரியண்ணன்.
யாரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை, முதல் லாரி வருமுன்
எடைமேடை நடுவில் போய் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக அறுபது.
கைப்பையோடு நின்றேன். அறுபது.
பை, குடை, சாப்பாட்டுத் தூக்கு, ரசீதுக் கட்டு.
அறுபது.
பத்துப் பத்தாகத்தான் இதற்கு எண்ணத் தெரியும்,
நடுவில் சுமப்பதெல்லாம் கணக்கில் இல்லை.
நல்ல பலாப்பழம் ஒன்று இருந்தால்
கண் திறந்திருக்கும்.

பின்னால் ஹாரன்.
நகர்ந்து வழிவிட்டேன்.
சமதரையில்தான் நடந்தேன்,
முழங்கால் இன்னும்
இறங்கிக்கொண்டிருந்தது.