கிலோ பதினான்கு

வாசகர் வட்டத்தில் அதை என் தலையில் கட்டினார்கள்.
"சந்தையைப் பத்தி, கணக்குன்னா ஓடுறவனும்
படிக்கிற மாதிரி நாலு புத்தகம் சொல்லுங்க.
நீங்கதானே கூட்டுறவு வங்கியில் இருக்கீங்க."
நகைக்கடன் வட்டி எழுதுகிறவளுக்கு
எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

மூன்று தெரியும்.
ஒன்று ஒல்லி. பேருந்தில் மானாமதுரை
போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.
முகூர்த்த நாளில் இத்தனை பந்திக்கும்
யார் சொல்லி வந்து சேர்கிறது இவ்வளவு முருங்கைக்காய்
என்கிற மாதிரி வியந்துகொண்டே போகும்.
இரண்டாவது சண்டைக்கோழி.
வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்த எடுப்பில் பிடித்து உதறும்.
வாடகை வீட்டில் இருக்கிற எனக்குக் கோபம் வந்தது.
கோபத்தில்தான் மீதியைப் படித்தேன்.
மூன்றாவதற்கு மற்ற இரண்டோடும் ஆகாது.
அதனால் அதுவும் இருக்கட்டும்.

நாலாவதைத் தேடிப் போனது
செக்காலைப் பக்கம், சேவுகனின் பழைய பேப்பர் கடை.
திங்கட்கிழமை. சந்தை கலைகிற நேரம்.
காலையில் முப்பது சொன்ன தக்காளிக் கூறு
வெயில் தாழ்ந்ததும் பத்துக்கு இறங்கியிருந்தது.
பத்தாம் வகுப்பு நோட்ஸ் கட்டுகளுக்கு அடியில்
முதுகு கழன்று, காப்பி டம்ளர் வட்டத்தோடு
அது கிடந்தது.
என் முகம் அவசரப்பட்டுவிட்டது.
சேவுகன் பார்த்துவிட்டான்.

"இருநூறு."

கிலோ பதினான்கு என்று
நீயே சாக்பீஸில் எழுதிவைத்திருக்கிறாய்,
இது அரைக் கிலோகூடத் தேறாது, என்றேன்.
"அது காகிதம் எடுக்கிற விலைக்கா.
நீங்க கேக்குறது புத்தகம்."
போன வாரம் காகிதமாகத்தானே உள்ளே வந்தது?
"போன வாரம் நீங்க வரலையே."

அங்கேயே பிரித்தேன்.
பொருளுக்குள் விலை உட்கார்ந்திருப்பதில்லை,
வேண்டுகிறவன் வந்து நின்ற பிறகே பிறக்கிறது
என்று ஒரு பத்தி.
முன்பு வைத்திருந்தவர் ஓரத்தில்
பென்சிலால் 'பொய்' என்று போட்டிருந்தார்.
என்னிடம் பென்சில் இல்லை.

"அப்படி என்னக்கா இருக்கு இதுல?"
இப்போது எனக்கு நீ செய்கிறாயே, அதுதான்.
முந்நூறு பக்கத்துக்கு.
சிரித்தான். இறங்கவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு
நாலடி நடந்தேன், கூப்பிடுவான் என்று.
ஐந்து, ஆறு.
தராசுத் தட்டில் யாருடைய நாளிதழ்களோ
விழுகிற சத்தம் மட்டும்.
திரும்பி வந்து நூற்றெண்பது கொடுத்தேன்.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள்.
மருந்துக்கடை நாச்சம்மை,
டயர் கடை சோலைராஜ், அவர் மச்சான்.
நான் முதல் மூன்றையும் சொல்லி
நாலாவதைத் தூக்கிக் காட்டினபோது
அந்தோணி சலேத்து கேட்டார்:
"விலைதான் சேதி சொல்லும்னா,
நம்ம ஊருணிக்கு யாரு விலை போட்டா?
எல்லாரும் மொள்ளுறோம்,
ஒருத்தரும் காலை நனைக்கிறதில்ல.
அது எந்தக் கணக்கு?"

இதில் இருக்கும் என்று புரட்டினேன்.
இருந்தது. கிட்டத்தட்ட அதே கேள்வி,
தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில்.
பக்கத்தில் பென்சில்: 'இதற்கு என்ன சொல்கிறாய்?'
ஒரு அம்புக்குறி.
அடுத்த தாள் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்.

"பக்கோடா மடிச்சதுல போயிருக்கும்," என்றான் சேவுகன்.
கையில் இருப்பதற்குத்தான் விலை சொன்னானாம்,
இல்லாததற்கு இல்லையாம்.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"அந்தத் தாள் எங்கயாவது ஆப்ட்டா எடுத்து வைக்கவா?
விலை அப்பறம் பேசிக்கலாம்."

அறிவிப்புப் பலகையில் ஒட்டப் பட்டியல் எழுதினேன்.
நான்காவதன் எதிரே:
பதினாறு பக்கம் குறை.
படிக்கலாம்.
சலேத்து மட்டும் முதலில் எடுத்துப் போகட்டும்.