மூன்றாவது சனிக்கிழமை

வெள்ளி இரவு ஷிப்ட் முடிய மணி ஒன்று.
நான் உரித்தது அறுபத்தொரு கிலோ இறால்,
மேஸ்திரி எழுதியது ஐம்பத்தெட்டு.
சண்டை போட நேரமில்லை.
எலுமிச்சையை அரிந்து விரல்களில் தேய்க்கிறேன்,
நகக்கண்ணில் எரிகிறது.
வாசம் போகாதென்று தெரியும்.
போன தடவை என் கையை முகர்ந்துவிட்டு
"கடல்" என்றான் தாதேயோ.
நல்ல வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன்.

வண்டி அக்காள் புருஷன் ஃபெர்மினுடையது.
ஹீட்டர் கிடையாது,
வலக்கதவு உள்ளிருந்து திறக்காது,
மூன்றாவது கியரைக் கெஞ்சித்தான் போட வேண்டும்.
ஒவ்வொரு முறையும் இதை முதல் தடவைபோலச் சொல்லி
சாவியைத் தருவான்.

மத்ரினிலிருந்து சான் ஹுலியான்
எண்ணூற்றைம்பது கிலோமீட்டர்.
காலை பத்து முதல் மாலை ஆறு வரை
தாய் குழந்தையைப் பார்க்கலாம் என்கிறது தீர்ப்பு.
நீதிபதி வரைபடம் பார்த்ததில்லை போல.

இருட்டில் சாலை என்பது
விளக்கு விழும் நாற்பதடி மட்டும்.
காற்று பக்கவாட்டில் தள்ளத் தள்ள
ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை சாய்த்தே பிடித்து
நேராகப் போகிறேன்.
மாதே தேநீர் ஆறிவிட்டது. ஆறினாலும் குடிக்கலாம்.
வேலியோரம் குவானக்கோக்களின் கண்கள்
பச்சையாய் மின்னி அணைகின்றன.

விடிகிற நேரத்தில் அந்தச் சின்னக் கோயில்:
லாரிக்காரர்கள் வைத்துப்போன தண்ணீர் பாட்டில்கள்
மலையாய்க் குவிந்திருக்கும்.
பாலைவனத்தில் தாகத்தால் செத்தவளாம்,
செத்த பிறகும் பால் சுரந்ததாம்,
மார்பிலிருந்த பிள்ளை பிழைத்ததாம்.
எனக்கு மூன்றாம் மாதமே வற்றிவிட்டது,
உயிரோடுதான் இருந்தேன்,
ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.
அவளோடு எனக்குப் பேச்சில்லை.
ஆனாலும் நிறுத்தி
ஒரு பாட்டிலை வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

பன்னிரண்டேகால்.
கதவைத் திறந்தவள் ஸுல்மா.
"சாப்பிட்டியா?" என்கிறாள்,
அவளை வெறுப்பது இன்னும் கஷ்டமாகிறது.
எலியாஸ் சுரங்கத்தில், ஞாயிறுதான் வருவானாம்.
தாதேயோ சோபாவுக்குப் பின்னால்.
ஒரு காலுறை தெரிகிறது.
வாங்கி வந்த டைனோசரைத் தரையில் வைக்கிறேன்.
கை மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போகிறது.

அரைமணி கழித்துக் குரல்:
"வண்டி கொண்டு வந்தியா?"

அதன் பிறகு வீட்டுக்குள் வரவேயில்லை.
வண்டி முகப்பில் அப்பிச் செத்த பூச்சிகளை
பதினொன்று வரை எண்ணினான்,
அதற்கு மேல் "நிறைய".
பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்று
என்னைப் பின்னால் உட்காரச் சொன்னான்.
"தூரம். அழக் கூடாது. மூச்சா வந்தா சொல்லு."
சொன்னேன். நிறுத்தினான்.
மறுபடி கிளம்பினோம்.
"எங்க போறோம்?"
"மம்மா வீட்டுக்கு."
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்,
அங்கே ஸுல்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
"வந்துட்டோமா?"
"இன்னும் இல்ல."
"வந்துட்டோமா?"
"மூணாவது கியர் போடு, கண்ணு. கெஞ்சிக் கேளு."
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
"தயவுசெஞ்சு" என்றான்.

ஆறு மணி.
வண்டிக்குள்ளேயே தூங்கியிருந்தான்.
ஸுல்மா தூக்கிக்கொண்டு போனாள்,
டைனோசர் என்னிடமே தங்கிவிட்டது.

நள்ளிரவில், மாகாண எல்லைச் சாவடியில்
டார்ச்சோடு குனிந்தான் ஒரு காவலன்.
லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எல்லாம் சரி.
"கண்ணாடி கோணலா இருக்கே, அம்மா.
பின்னால வர்ற வண்டி எப்படித் தெரியும்?"

அதைத் திருப்பி வைத்தது தாதேயோ.
பயணி அழுகிறாளா என்று
ஓட்டுகிறவன் பார்க்க வேண்டுமாம்.
இப்போது அதில் தெரிவது
பின்னிருக்கையும் டைனோசரும்தான்.

"சரி பண்ணிடறேன்" என்றேன்.
"இப்பவே பண்ணுங்க" என்றான்.
கையை உயர்த்தினேன்.
பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது.
"சரி சரி, போங்க" என்றான்.