எட்டாவது துளை

பண்டாரவளைக் கடையில்
வாரத்துக்கு நாலைந்து விற்பேன் இந்த டிரில் மெஷினை.
பெட்டியில் நீலத் தொப்பிக்காரன் சிரிப்பான்.
"தாங்குமா தம்பி?"
"தாராளமா தாங்கும்."
எதைத் தாங்கும் என்று அவர்களும் கேட்டதில்லை
நானும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு எனக்கும் ஒன்று எடுத்தேன்.
நல்லது பதினெட்டாயிரம். இது ஆறாயிரத்துச் சொச்சம்.
எட்டுத் துளைதானே என்றேன் எனக்கே.
சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது.
பட்டிப்பொலயில் ரயில் நின்ற குளிரில்
பெட்டியை மடியோடு அணைத்திருந்தேன்.

கொட்டகலையில் எங்கள் லயத்தின் பின்சுவர்
வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல்.
தகரம் இறக்கி ஓர் அறை.
சட்டத்துக்கு எட்டு போல்ட்.
ஜெயசீலி ஏணியைப் பிடித்தாள்,
புவனேந்திரன் மச்சான் டோர்ச் அடித்தான்.

மாலை ஆறு மணி. வீட்டுக்கு வீடு ரைஸ் குக்கர்.
பல்பு பூசணிப்பூ நிறத்துக்கு இறங்கியது.
மெஷினின் குரலும் இறங்கியது.
குரல் இறங்கினால் கையை எடுக்க வேண்டும்.
தெரியும்.
இன்னும் அழுத்தினேன்.

மூன்றாவது துளையில் கைப்பிடி சுட்டது.
ஐந்தாவதில் காற்றுக்கண்களுக்குள் நீலப் பொறி.
"கொஞ்சம் வைங்க அண்ணே, சத்தம் சரியில்ல."
ஃபெக்டரியில் ரோலர் பக்கம் நிற்கிறவள் அவள்.
"ஒண்ணும் ஆகாது"
என்றது கடைக்குரல்.

பத்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் ஆற விடவும்
என்று பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும்,
எறும்பு எழுத்தில்.
கடையில் அதில்தான் வடை மடித்துத் தின்போம்.

எட்டாவதில்
அரை அங்குலம் போனதும்
முதலில் வாசம்:
கருகிய வார்னிஷ், கூடவே என்னமோ ஒரு தித்திப்பு.
பிறகு புகை.
பிறகு
மேல் லயத்து ரேடியோ
தெளிவாகக் கேட்டது.

அட்டனில் மோட்டர் கட்டும் முபாரிஸ் நானா
மூடியைக் கழற்றி
கறுத்த சுருளை நகத்தால் கீறினார்.
"கட்டலாம். கட்டுற காசுக்கு புதுசே எடுக்கலாம்.
தாங்கும்னு சொல்லித்தானே தந்திருப்பான்?"
"ஆமா" என்றேன்
"சொன்னான்."

வயரையாவது வைத்துக்கொள்ளலாமென்று வெட்டினேன்.
செம்பு என்று நினைத்தேன்.
சுரண்டினால் வெள்ளை.

சட்டம் ஏழு போல்ட்டில் நிற்கிறது.
காற்று கிளம்பினால் அந்த மூலை மட்டும்
டக், டக்.
அரைத் துளைக்குள் ஜெயசீலி
சீலைக் கிழிசல் திணித்திருக்கிறாள்.
கல் அதையும் ஈரமாக்கி
மெல்லத் துப்புகிறதாம்.

திங்கட்கிழமை கடை திறந்ததும்
குடையை மடக்கிக்கொண்டே ஒரு அக்கா
நீலத் தொப்பிக்காரனைக் காட்டினார்.
"தாங்குமா தம்பி?"

"எந்தச் சுவர் அக்கா?" என்றேன்.
"கல்லா, செங்கல்லா?
அந்தியில் உங்க பக்கம் கரண்ட் எப்படி?"

கல்லாவிலிருந்து முதலாளி
கண்ணாடிக்கு மேலாக
நிமிர்ந்து பார்த்தார்.