மற்றவை

புறநோயாளிப் பிரிவில் ஏழாம் எண் கவுன்ட்டர்.
கம்ப்யூட்டர், நான், ஒரு டேபிள் ஃபேன்.
மழை பெய்து விட்ட நாளில்
பின்பக்கக் கண்ணாடியில் ஏற்காடு தெரியுமாம்.
திரும்பிப் பார்க்க நேரமில்லை.
ஒரு நோயாளிக்குத் தொண்ணூறு நொடி என்று
சென்னையில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பெயர். வயது. செல் நம்பர். முகவரி.
தொழில் என்ற கட்டத்தை அமுக்கினால்
பட்டியல் விரியும்:
அரசுப் பணி, ஆசிரியர், இல்லத்தரசி,
ஓட்டுநர், கூலி, நெசவு, மாணவர், விவசாயம்.
அடியில், கடைசிப் பந்திக்கு வந்தவனைப் போல,
மற்றவை.

செங்கோடன், நாற்பத்தொன்று. மூச்சு வாங்குகிறது.
என்ன வேலைங்க?
"கொலுசுக்குப் பத்த வைக்கிறதுங்க."
பற்ற வைப்பதற்குப் பட்டியலில் இடமில்லை.
மற்றவையை அமுக்கினேன்.
டோக்கன் நூற்றுப் பதினாலு, யாருங்க?

முன்பு எல்லாம் சீட்டுதான்.
மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் போடுவார்கள்.
கரையான் தின்றது போக மீதி
எடைக்குப் போகும், கிலோ பதினோரு ரூபாய்,
அதில் எழுதியிருந்த இருமலோடு சேர்த்து.

நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது.
முகவரியில் 'கல்' என்று இரண்டெழுத்து அடிப்பதற்குள்
மெஷினே மீதியை எழுதிவிட்டது:
கல்லுக்கட்டுச் சந்து, சிவதாபுரம் வழி.
அடிக்கடி வரும் பெயரைத்தான்
அது அப்படி முந்திக்கொண்டு சொல்லும்.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.
தேடும் கட்டத்தில் சந்தின் பெயரை மட்டும் போட்டேன்.
அரை நொடி.
மூன்று வருஷம், அறுபத்து மூன்று பேர்.
அந்தச் சந்தில் இருப்பதே நாற்பது வீடு.
மூச்சு, மூச்சு, சிறுநீரகம், மூச்சு.
வேறு வேறு கிழமையில், வேறு வேறு டாக்டரிடம்
தனித்தனியாக வந்து போனவர்கள்
என் திரையில் ரேஷன் கடை வரிசையாக நின்றார்கள்.

"இதை யார் எடுக்கச் சொன்னது?" என்றார் டாக்டர் ஹெப்சிபா.
யாரும் சொல்லலைங்க டாக்டர்.
தாளை இரண்டு தடவை படித்தார்.
"பொடி," என்றார். "பத்த வைக்கிற பொடி. அந்த மஞ்சப் புகை."
அன்றைக்கே கடிதம் போனது.

பதில் வந்தது:
தொழில் வாரியாகத் தரவு இல்லை.
மற்றவை நாற்பத்தொரு சதவீதம்.
இதை வைத்து முடிவு எதுவும் எடுக்க இயலாது.
வராந்தா டிவியில் சுழலும் வண்ணச் சக்கரத்தில்
அது சாம்பல் நிறத் துண்டு.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டாக்டர் விடவில்லை. எட்டு மாதம், ஆறு கடிதம்.
ஒரு திங்கட்கிழமை சாஃப்ட்வேர் புதிதாகத் திறந்தது.
ஆசிரியருக்குக் கீழே
ஆபரணத் தொழில்.
கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கினேன்,
என்ன விசேஷம் என்று சொல்லாமல்.

செங்கோடனைத் தேடி எடுத்தேன், மாற்றி எழுத.
பதிவு பூட்டியிருந்தது.
நிலை: காலமானார். திருத்த அனுமதி இல்லை.
அவர் மற்றவையாகவே இருக்கிறார்.

இன்று டோக்கன் முப்பத்தாறு.
பூவாயி, முப்பத்து மூன்று, அதே சந்து, அதே இருமல்.
ஆதாருக்கு விரல் வைங்கம்மா.
சிவப்பு விளக்கு.
வேற விரல்.
சிவப்பு.
துடைத்துவிட்டு வைத்தாள், சிவப்பு.
நுனியெல்லாம் தீய்ந்து, ஆறி,
புளியங்கொட்டை போல வழவழப்பு.

என்ன வேலைம்மா?
"வேலையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஊட்லதான்."

ஆபரணத் தொழில்.
அதற்கு அடுத்த வரி, இல்லத்தரசி.
அம்புக்குறி இரண்டுக்கும் நடுவில் துடிக்கிறது.
தொண்ணூறு நொடி எப்போதோ முடிந்துவிட்டது.
பின்னால் யாரோ செருப்பைத் தேய்க்கிறார்கள்.

ஊட்ல ஊதுகுழல் யாரு புடிக்கறதுங்க?

வெளியே பெஞ்சில் புருஷன்.
கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
"ராத்திரில மட்டுந்தாங்க."