பின்னால் வருவது

திங்கள் முதல் சனி வரை
இந்த வேனில் எலாஸ்டிக் ரோல் ஏறும்,
ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு
ஜட்டி இடுப்புக்கான நாடா, மூட்டை மூட்டையாக.
ஞாயிறு மட்டும் பின்னால் ஓர் இரும்பு உருண்டை,
உருண்டையில் வந்து உட்காரும் டிரெய்லர்,
டிரெய்லரில் லோகுவின் எஸ்டீம்.

பின்சீட் இல்லை. ஹாரன், வைப்பர்,
இன்சூரன்ஸ் எதுவும் இல்லை.
எடை குறையணும் என்றான்.
பிடுங்கிப் போட்டதெல்லாம் எங்கள் மாடி அறையில்.
அங்கே எடை கூடிவிட்டது.

விடிகாலை நாலு மணி.
அவன் பலகை மேல் ஏற்றுகிறான்,
நான் டார்ச் அடித்து நில் என்கிறேன்.
ஒரு சாண் முன்னால் நின்றால்
வேனின் பின்புறம் தரையைத் தேடும்.
ஒரு சாண் பின்னால் நின்றால்
ரோட்டில் வால் ஆடும்.
அந்தச் சாண் எங்கே என்று
கொக்கிக் கம்பியை மிதித்துப் பார்க்கும்
என் வலது காலுக்குத்தான் தெரியும்.

நாலு சக்கரத்துக்கும் நாலு பெல்ட்.
ராட்செட் கடகடக்க
தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.
இறுக்கின பெல்ட் பத்துக் கிலோமீட்டரில் தளரும்,
நிறுத்தி இறங்கி மறுபடி இறுக்க வேண்டும்.
கல்யாணத்தன்றே யாராவது
இதைச் சொல்லியிருக்கலாம்.

பல்லடத்தில் போலீஸ்காரர் கை காட்டினார்.
"வண்டி ரிப்பேருங்களா?"
"இல்லீங்க, நெம்ப நல்லா ஓடும்.
அதனாலதான் ஏத்திக்கிட்டுப் போறோம்."
லைசென்ஸில் இருந்த கோகிலவாணியையும்
வாய் பிளந்து தூங்கும் லோகுவையும்
மாறி மாறிப் பார்த்தார்.
"டிரைவர் அவருங்களா, நீங்களா?"
ரெண்டு பேரும்தான் என்றேன்.
அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

காரணம்பேட்டை தாண்டினதும் ஆடிக் காற்று.
கோழி லாரி ஒன்று
இறகு பறக்க உரசிக்கொண்டு முந்தியது.
கண்ணாடியில் எஸ்டீமின் மூக்கு
இடப்பக்கம் எட்டிப் பார்த்தது.
பிறகு வலப்பக்கம்.
பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம்.
பிரேக் பிரேக் என்றது உடம்பு முழுக்க.
மிதிக்கவில்லை.
தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து
விரலை உருவுவதுபோல
ஆக்சிலேட்டரை விட்டேன்.
அறுபது. ஐம்பத்தைந்து.
நாற்பத்தெட்டு.
வால் தானாக அடங்கியது.
லோகுவின் தலை ஜன்னலில் ஒருமுறை இடித்தது.
"வந்தாச்சா?"
"இன்னும் இல்ல. தூங்கு."

செட்டிபாளையத்தில் அவனுக்கு
இருபது இருபது நிமிஷமாய் மூன்று தடவை.
ஒரு சுற்று, ஒன்று இருபத்தொன்று புள்ளி நாலு
என்று ஒரு பையன் அட்டையில் எழுதினான்.
போன தடவையைவிட அரை விநாடி குறைவு.
அந்த அரை விநாடியை
புளிசாதம் தீரும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.
கேட்டுக்கொண்டே உருண்டைக்குக் கிரீஸ் வைத்தேன்.
உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் முன்னால்
ஒரு காற்றாலை இறக்கை,
ஐந்தாறு பனையைப் படுக்க வைத்த நீளம்,
ஆள் நடக்கிற வேகம்.
காற்றில் சுழலப் போகிறதை
காற்றுப் படாமல் கொண்டுபோகிறார்கள்.
முந்தும்போது அந்த டிரைவரைப் பார்த்தேன்.
அவர் என் கொக்கியைப் பார்த்தார்,
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்தினார்.

ராத்திரி பத்து மணி. வீட்டு கேட் எட்டடி,
டிரெய்லர் ஏழடி.
அது வலப்பக்கம் போக
நான் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
நேராக்க வேண்டுமென்றால்
அது எந்தப் பக்கம் தப்புகிறதோ
அந்தப் பக்கமே துரத்த வேண்டும்.
லோகு இறங்கி வா வா என்று கை ஆட்டினான்,
அவன் கையை நான் பார்ப்பதில்லை.
ஒரே தடவையில் உள்ளே.

அட்டையும் பேனாவுமாக யாரும் நிற்கவில்லை.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.
பனியன் வேஸ்டில் கை துடைத்தேன்,
ஏதோ குழந்தைச் சட்டையின் கழுத்து அது,
எலாஸ்டிக் இன்னும் இழுபட்டது.
காலை எட்டுக்கு லோடு.
கொக்கியை இப்போதே கழற்றிவிட வேண்டும்.