வெள்ளோட்டம்

டார்ட்டுவில் ஆறு உறையத் தொடங்கியதும்
துளைக்கருவியோடு ஒருவர் வருவார்.
பனிக்கட்டியில் ஓட்டை போட்டு
அளவுகோலை இறக்கிப் பார்ப்பார்.
பத்து சென்டிமீட்டர் இல்லையா,
சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போய்விடுவார்.
எங்கள் நான்காம் மாடி ஜன்னலில் அது நன்றாகத் தெரியும்.
அதைப் பார்த்துக்கொண்டேதான்
செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்கு
'ஒரே தாளை' ஊருக்குத் திறந்துவிட்டோம்.

யாரும், எங்கிருந்தும், ஒரே நேரத்தில் எழுதலாம்.
ஆளுக்கொரு நிறம்.
எழுதுவது வேலை செய்தது;
அழிப்பதுதான் பாக்கி.
அழித்தது போய்விட்ட மாதிரி இருக்கும்,
புதிதாக ஒருவர் உள்ளே வந்தால்
சில சமயம் எழுந்து வந்துவிடும்.
எனக்குத் தெரியும்.
நானூற்றுப் பன்னிரண்டாவது பிழையாகக்
குறித்தும் வைத்திருந்தேன்.

"சோதனைப் பதிப்பு என்று மூலையில் போடு,
மன்னித்துவிடுவார்கள்" என்றான் உர்மாஸ்.
போட்டேன். சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.
ஆக்க மூன்று வருஷம் பொறுத்தவர்களுக்கு
ஆற மூன்று வாரம் பொறுக்கவில்லை.
வியாழனன்று ஹெல்சிங்கியில் முதலீட்டாளர்கள்.

மக்கள் வந்தார்கள்.
தேன் கூடுகளின் கணக்கு,
எந்த வீட்டார் எந்த வாரம் பனி அள்ளுவது,
ஒரு பையன் தன்னந்தனியாக
நாலு நிறத்தில் நாலு பேராக ஆடிய சதுரங்கம்.
உர்மாஸ் எண்ணிக்கையைச் சுவரில் ஓடவிட்டு
கேக் வாங்கி வரச் சொன்னான்.

வில்யாண்டியில் ஒரு சேர்ந்திசைக் குழு, முப்பத்தொரு பேர்.
நாளை ஒத்திகைக்கு யார் வருகிறீர்கள் என்று ஒரு தாள்.
ஹெல்வே என்பவர், பச்சை நிறம், முதலில் எழுதினார்:
பரிசோதனை முடிவு வந்துவிட்டது, நன்றாக இல்லை.
சற்று நேரம் அப்படியே விட்டார்.
பிறகு அழித்துவிட்டு
சளி, வர இயலாது
என்று மாற்றினார்.

இரவு பதினொன்றரைக்கு இல்மார், அடிக்குரல்காரர்,
காரை எங்கே நிறுத்துவது என்று பார்க்க உள்ளே வந்தார்.

என் பதிவேட்டில் அது
இரண்டு எண்கள் முட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.
திருத்தம் மூன்றே வரி.
பதினோரு நிமிஷம்.

வெள்ளியன்று அவரிடமிருந்து பிழை அறிவிப்பு வந்தது.
வக்கீல் பெயர் இருக்குமோ என்று பயந்து திறந்தேன்.
நாங்களே வடிவமைத்த படிவம், மூன்று கட்டங்கள்.

என்ன எதிர்பார்த்தீர்கள்?
'ஞாயிற்றுக்கிழமை, கச்சேரி முடிந்த பிறகு,
நானே சொல்லலாம் என்று.'

என்ன நடந்தது?
'சூப் கொண்டுவருகிறார்கள்.
ஃப்ரிட்ஜில் இடமில்லை.
யாரும் என்னைப் பாடச் சொல்வதில்லை.'

இதை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியுமா?
அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

அல்லது ஏதோ எழுதி
அழித்திருந்தார்.
தேடினால் கிடைத்திருக்கும்,
எங்களிடம் எல்லாம் இருக்கிறது.
நான் தேடவில்லை.